மறுமொழி: பச்சையவுருமணிக் கவர்வா, குடிதங்கலா?

தம்பிக்கு,

ஒரு தாவர இனத்துக்குள் வேறோர் இனத்தின் பச்சையவுருமணி (இலைக்குப் பச்சை நிறம் தரும் 'குளோரோபிளாஸ்ட்') வந்து நிலைப்பதற்கு நீங்கள் முன்வைத்த 'பச்சையவுருமணிக் கவர்வு' என்ற சொல் எனக்குத் தொண்டையால் இறங்கவில்லை. ஆங்கிலத்தில் 'கப்ச்சர்' என்கிறார்கள் என்பதற்காக நாமும் எதையாவது கவரத்தான் வேண்டுமா? (பச்சையவுருமணியைப் பசுங்கணிகம் என்று எழுதும், நம் சொல்லாக்கப் பேச்சில் கூட இருக்கும் சென்னை ஐயா பொறுத்துக்கொள்வார். அந்தச் சண்டை வேறொரு நாளைக்கு.)

நடப்பதைப் பாருங்கள். பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் பச்சையவுருமணி தாயிடமிருந்தே வருகிறது. ஓர்க்கிட்டுகளோ கலப்பதில் கைதேர்ந்தவை, வேறு வேறு சாதிகளுக்கிடையிலேயே ('ஜீனஸ்') கலப்பினம் கிடைக்கும். 'அ' இனத்துப் பூவில் 'ஆ' இனத்து மகரந்தம் சேர்ந்து ஒரு கலப்பினம் முளைக்கிறது. அதன் பூவிலும் 'ஆ' மகரந்தமே சேர்கிறது, அடுத்த தலைமுறையிலும் அப்படியே. கலத்தின் கருவில் ('நியூக்கிளியஸ்') உள்ள 'அ' பங்கு பாதி, கால், அரைக்கால் என்று குறைந்து ஏழாந் தலைமுறையில் சராசரியாக 128இல் 1 ஆகிவிடும். பூவைப் பார்த்தால் 'ஆ' என்றுதான் எவரும் சொல்வர். ஆனால் பச்சையவுருமணியில் உள்ள மற்கே (matK) என்ற பரம்பரையலகை ('ஜீன்') வாசித்தால் 'அ' என்று வரும். பச்சையவுருமணி டீஎன்ஏயை வைத்தும் கருவின் டீஎன்ஏயை வைத்தும் வரையும் உறவு மரங்கள் முரண்படுவதற்கு இது ஒரு காரணம்.

இதை மட்டக்களப்பில் ஒரு கிழவியிடம் சொன்னால் அதிசயப்படமாட்டா. இங்கே குடி என்பது தாய்வழியாக வரும் குலப்பிரிவு. பணிக்கனார் குடிப் பெண் உலகிப்போடி குடியில் கலியாணம் முடித்தால் பிள்ளைகள் பணிக்கனார் குடி. மகளும் பேத்தியும் உலகிப்போடி குடியிலேயே முடித்தாலும் குடி மாறாது. சாயல் முழுக்கத் தகப்பன் பக்கமாகிவிடும், கோயில் திருவிழாவில் பங்கு கேட்கும்போது மட்டும் பூட்டியின் குடி வந்து நிற்கும். பச்சையவுருமணி செய்வதும் இதுதான்.

ஆகவே என் முன்மொழிவு: அந்தத் தாய்வழி வரிசைக்குத் 'தாய்க்குடி', இந்த நிகழ்வுக்குக் 'குடிதங்கல்'.

குடி என்றால் தமிழ்நாட்டில் சாராயம் நினைவுக்கு வரும் என்று சென்னை ஐயா சொல்லக்கூடும். வரட்டும். இங்கேயே காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று ஊர்ப்பெயரிலும் குடி இருக்கிறது, ஒருவரும் குழம்பவில்லை. சமூகச் சொல்லை அறிவியலுக்குள் இழுக்கலாமா என்று கேட்டால், எங்கள் உயிரியல் பாடநூலைத் திறந்து பாருங்கள். சாதியும் ('ஜீனஸ்') வருணமும் ('ஓடர்') எப்போதோ உள்ளே வந்து கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டன. குடிக்கு மட்டும் வாசலில் என்ன தடை?

— மட்டக்களப்பிலிருந்து

⁂

சேர்,

அக்கரைப்பற்றில் முஸ்லிம்களான எங்களுக்கும் குடி தாய்வழிதான். அதனால் தாய்க்குடிக்கு என் கை உயர்கிறது. யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் குடிமுறை பழக்கமில்லாவிட்டாலும், முன்னால் 'தாய்' நிற்பதால் விளங்கிக்கொள்வார்கள்.

'தங்கல்' தான் இடிக்கிறது. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரிக் கேட்கிறது. இங்கே போவதோ கருவின் பங்கு, பச்சையவுருமணி போகிறதே இல்லை. 'குடிநிலைப்பு' என்று வைத்தால் என்ன?

இன்னொன்று. எங்கள் வீட்டு மாமரத்தில் தேங்காய்ப் பொச்சு வைத்துக் கட்டிய வண்டா ஓர்க்கிட்டுக்குத் தகப்பன் யார் என்று மற்கேயிடம் கேட்டால் பதில் வராது. அதற்குக் கருவின் டீஎன்ஏயில் உள்ள ஐடீஎஸ் (ITS) என்ற பகுதியை வாசிக்க வேண்டும். தாய்க்குடி என்ற சொல்லே அந்த எல்லையைக் காட்டிவிடுகிறது. கவர்வு என்ற சொல்லில் அது தெரியாது.

⁂

தம்பி,

குடிநிலைப்பு நல்லது, தங்கலை விட்டுவிடுகிறேன். வினையாக எழுதும்போது 'இந்த இனத்தில் அயல் தாய்க்குடி நிலைத்திருக்கிறது' என்று வரும். வாசித்துப் பார்த்தேன், நாக்கில் இடறவில்லை. சென்னை ஐயா என்ன சொல்கிறார்?