எண்ணிக்கை அன்று பூத் கமிட்டிக்கு மண்டபமும் பெரிய திரையும்: தேவையா?

வட்டம்34:

ஓட்டு எண்ணும் அன்று நம்ம தொகுதி பூத் கமிட்டி ஆட்கள் எல்லாரையும் ஒரே மண்டபத்தில் கூட்டி, எல்இடி திரை வைத்து முடிவுகளைச் சேர்ந்து பார்க்கலாம் என்று பகுதிக் கூட்டத்தில் சொன்னேன். வீண்செலவு என்று அங்கேயே சண்டை வந்துவிட்டது. அதனால் இங்கே கேட்கிறேன்.

2024இல் ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை. நடுவில் 46 நாள். பூத் சிலிப் கொடுத்தவர்களை, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் தெருத்தெருவாய் அலைந்தவர்களை அந்த 46 நாளில் யாராவது போன் செய்து விசாரித்தோமா? எண்ணிக்கை அன்றும் நிர்வாகிகள் மாவட்ட அலுவலகத்தில் இருப்பார்கள், முகவர்கள் மையத்துக்குள் இருப்பார்கள், மற்றவர்கள் வீட்டில் தனித்தனியாக டிவி முன்னால் இருப்பார்கள். ஜெயித்தால் சால்வை போட வருகிற கூட்டமே வேறு. உள்ளாட்சித் தேர்தல் வந்ததும் மறுபடி இவர்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டப்போகிறோம். ஒரு நாள் அவர்களை உட்காரவைத்து, சோறு போட்டு, நாமும் கூடவே இருந்து பார்ப்பது அவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை.

கரிசல்காட்டான்:

தம்பி, மரியாதை செய்யணும்கிறதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. எண்ணிக்கை அன்னிக்கு வேண்டாம்கிறேன். நம்ம வேலை அதுக்குள்ள முடிஞ்சிடல.

ஒரு தொகுதிக்கு முந்நூறு சாவடின்னு வைங்க. 14 மேசை போட்டா இருபது சுற்றுக்கு மேல போகும். மேசைக்கு ஒரு முகவர், தேர்தல் அலுவலர் மேசைக்கு ஒருத்தர். விடியக்காலையில கிளம்பணும், செல்போன் உள்ளே போகாது, வெளியே வந்தா இடம் போச்சு. அவங்க கையில ஒவ்வொரு சாவடிக்கும் 17சி நகல் இருக்கணும். பதிவு முடிஞ்சதும் சாவடித் தலைமை அலுவலர் நம்ம ஏஜெண்டுகிட்ட கொடுக்கிற கணக்கு அது. மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்துச்சுன்னு அதுலதான் இருக்கு. மெஷினை மேசையில வச்சதும் அந்த நம்பரையும் மொத்தத்தையும் சரிபார்க்கிறவன்தான் முகவர். போன தடவை எத்தனை சாவடியில நகல் வாங்காமலே வீட்டுக்கு வந்தாங்கன்னு யாராச்சும் கணக்கு எடுத்தீங்களா?

2021இல தி.நகர் 137 ஓட்டுல முடிஞ்சது. 2016இல ராதாபுரம் 49 ஓட்டு. ராதாபுரத்துல தகராறே தபால் ஓட்டுல. தலைமை ஆசிரியர் சான்று போட்டதை ஏத்துக்கணுமா தள்ளணுமான்னு. 2019இல உயர் நீதிமன்றம் தபால் ஓட்டையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் திரும்ப எண்ணச் சொல்லி, எண்ணவும் எண்ணினாங்க. உச்ச நீதிமன்றத் தடையால முடிவை அறிவிக்கல. அந்த 49 ஓட்டு மேசையிலதான் தீர்மானமாச்சு. இருக்கிற பணத்தையும் ஆளையும் மேசைப் பக்கம் திருப்புங்க.

மலர்_பூத்கமிட்டி:

அண்ணே, நீங்க சொல்ற முந்நூறு சாவடியிலும் நாங்க இருந்தோம். உள்ளே போறது பதினஞ்சு பேர். அதுல எங்க தொகுதியில ஒரு பொம்பளை கூட இருந்ததில்ல. மீதி நூத்துக்கணக்கான பேர் எங்கே போறது?

கட்சி ஆபீசுக்கு வாங்கம்பீங்க. அன்னிக்கு டாஸ்மாக் மூடியிருக்கும், ஆனா முந்தின நாளே வாங்கி வச்சிருப்பாங்க. வாசல் முழுக்க வெடி. உக்கார நாற்காலி இல்ல, போக பாத்ரூம் இல்ல. பத்து மணிக்கே திரும்பி வந்துருவோம். மண்டபம்னா கதவு இருக்கு, தண்ணி இருக்கு, புள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாம். திரை பெருசா சின்னதாங்கிறது எங்களுக்குப் பெரிய விஷயமே இல்ல.

இன்னொண்ணு. எங்க சாவடியில நமக்கு எத்தனை ஓட்டு விழுந்துச்சுன்னு இதுவரைக்கும் எங்ககிட்ட யாரும் சொன்னதில்ல. தொகுதி ஜெயிச்சுதா தோத்துதான்னு டிவி சொல்லுது. நான் நடந்த நாலு தெருவுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? அது தெரிஞ்சாத்தானே அடுத்த தடவை எந்த வீட்டுல இன்னும் கொஞ்சம் நின்னு பேசணும்னு புரியும்?

கோர்ட்வாசல்:

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை என்பதால் சொல்கிறேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77ஆம் பிரிவின்படி வேட்புமனு நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை வேட்பாளர் தேர்தல் செலவுக் கணக்கு வைக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் அதில் அடக்கம். எண்ணிக்கை அன்று மண்டபம், திரை, சாப்பாடு என்று செலவாகிறது. மேடையில் வேட்பாளர் படம் தொங்குகிறது. எதிர்த்தரப்பு அதைப் படம் பிடித்து செலவினப் பார்வையாளருக்கு அனுப்பினால் வேட்பாளர்தான் பதில் சொல்ல வேண்டும். இங்கே சட்டமன்றத் தொகுதிக்கு வரம்பு 40 லட்சம். கணக்கை முடிவு வந்த 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முறையாகச் செய்யாவிட்டால் மூன்று ஆண்டு தகுதிநீக்கம் வரை போகும். ஆகவே ரசீது இல்லாமல் எதையும் செய்யாதீர்கள், வேட்பாளரின் தேர்தல் முகவருக்குத் தெரியாமலும் செய்யாதீர்கள்.

காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சட்டமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணிய 2021 மே 2 நினைவிருக்கும். தேர்தல் ஆணையம் கொண்டாட்டத்துக்குத் தடை போட்டிருந்தபோதும் சென்னையில் அண்ணா அறிவாலயம் முன்பு கூட்டம் கூடியது. தேனாம்பேட்டை காவல் ஆய்வாளர் பணியிடை நீக்கம் ஆனார். மண்டபத்துக்குள் இருக்கும் கூட்டம் எந்த நிமிடமும் சாலைக்கு வரும் என்றுதான் போலீஸ் பார்க்கும்.

கொள்ளிடம்_வடகரை:

மண்டபம் வேண்டாம் என்பதற்கு என் காரணம் பணமில்லை, திரைதான். 2019 மக்களவைத் தேர்தலில் சிதம்பரம் தொகுதி எப்படிப் போனது என்று பாருங்கள். பகல் முழுக்க ஏறி இறங்கி, இரவு வெகுநேரம் கழித்து 3,219 ஓட்டு வித்தியாசத்தில் திருமாவளவன் ஜெயித்தார். 2021 காட்பாடியில் பல சுற்றுகள் பின்தங்கியிருந்த துரைமுருகன் கடைசியில் ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் வென்றார். டிவியில் காலை எட்டரைக்கே 'முன்னணி' என்று போட ஆரம்பித்துவிடுவார்கள். சேனலுக்குச் சேனல் எண் வேறு. நூறு பேர் ஒன்றாக உட்கார்ந்து அதைப் பார்த்தால் பதினோரு மணிக்கு வெடி, இரண்டு மணிக்கு ஒப்பாரி. வீட்டில் தனியாக இருப்பவன் டிவியை அணைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவான். கூட்டத்தில் இருப்பவனால் அது முடியாது. தோற்கிற பக்கம் நாமாக இருந்தால், இளவட்டங்கள் சூடாக வெளியே வருகிற நேரத்தில் எதிரே அவர்கள் ஊர்வலம் வந்தால், யார் பொறுப்பு?

வட்டம்34:

கொள்ளிடம் அண்ணே, தோற்கிற அன்றுதான் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தோற்ற ராத்திரி தனியாக இருக்கிறவன் மறுநாள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறிவிடுகிறான். அப்படிப் போன பையன்களை மறுபடி கூட்டிவருவது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் டிவி சத்தம் பற்றிச் சொன்னது நியாயம். சேனலை ஊமையாக்கிவிட்டு, ஒவ்வொரு சுற்று முடிவும் அதிகாரபூர்வமாக அறிவித்த பிறகு நம் ஆள் மையத்தின் வாசலிலிருந்து போனில் சொல்வதை மைக்கில் படிக்கலாம். மலர் அக்கா கேட்டபடி சாவடிவாரியாகவும் படிக்கலாம். முகவர்கள் ஒவ்வொரு மெஷினுக்கும் துண்டுச்சீட்டில் குறிக்கத்தானே செய்கிறார்கள்? அதை மண்டபத்தில் பெரிய பலகையில் எழுதினால் கரிசல் அண்ணன் கேட்கிற கணக்கும் அங்கேயே ஓடும்.

கரிசல்காட்டான்:

சாவடிவாரியா மைக்குல படிக்கிறதா? வேண்டவே வேண்டாம் தம்பி. இதுல நான் இறங்கி வரமாட்டேன்.

ஊர்ப்பக்கம் ஒரு சாவடின்னா பல இடத்துல ஒரே தெரு, ஒரே சமூகம். அந்தச் சாவடியில நமக்கு நாப்பது ஓட்டுதான்னு இருநூறு பேர் முன்னால படிச்சா, யார் போடலைன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும். அன்னிக்கு ராத்திரியே தண்ணிக் குழாய்ல, ரேஷன் கடையில அது பேச்சாகும். இது என் கற்பனை இல்ல. இந்தப் பயத்துலதான் பல சாவடி ஓட்டைக் கலந்து எண்ணுற டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லயே கேட்டுச்சு. 2015இல சட்ட ஆணையமும் தன்னோட 255ஆவது அறிக்கையில அதையே பரிந்துரைச்சுது. மத்திய அரசு ஒத்துக்கல. சட்டம் காப்பாத்தாத இடத்துல நாமளாவது காப்பாத்தணும். நமக்கு ஓட்டுப் போடாதவங்களும் நம்ம ஊர்க்காரங்கதான்.

மலர்_பூத்கமிட்டி:

கரிசல் அண்ணே சொல்றதை நான் ஒத்துக்கறேன், மைக் வேண்டாம். எங்க காலனிப் பக்கம் அப்படிப் பேச்சு வந்தா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும். ஆனா அதைச் சொல்லி எங்களுக்குத் தெரியாமலே வச்சிடாதீங்க. எப்படியும் படிவம் 20இல சாவடி வாரியா வெளியாகத்தான் போகுது. இன்டர்நெட்டுல தேடத் தெரிஞ்சவங்க பாத்துக்குவாங்க. அந்தத் தெருவுல வேலை செஞ்ச பொம்பளைக்கு மட்டும் தெரியாது. அந்தந்தச் சாவடி ஆட்கள் நாலஞ்சு பேரைத் தனியா உக்காரவச்சுச் சொல்லுங்க. ஒரு வாரம் கழிச்சுச் சொன்னாலும் சரி.

மண்டபம் எனக்கு இன்னும் வேணும். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முடிங்க, திரும்பிப் போக வேன் வைங்க, படம் தொங்கவிடாதீங்க. முடிவு வராட்டியும் ஆறு மணிக்குக் கிளம்பிடுவோம்.

கோர்ட்வாசல்:

படம், கொடி, வேட்பாளர் பெயர் எதுவும் இல்லாமல் இருந்தாலும் தேர்தல் முகவரிடம் முதலில் கேளுங்கள். மண்டப வாடகையை யார் பெயரில் கட்டுகிறீர்கள் என்பதையும் அவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கொள்ளிடம்_வடகரை:

ஆறு மணிக்கு முடிப்பது என்றால் என் எதிர்ப்பில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி, இளவட்டங்களை யார் பார்த்துக்கொள்வது என்பது. அதற்குப் பேர் சொல்லிப் பொறுப்பு கொடுக்காமல் நான் சம்மதிக்கமாட்டேன்.

கரிசல்காட்டான்:

எனக்கு அந்தத் திரை வேண்டாம்கிறது மாறல. சோறு போடுங்க, வேன் வைங்க, அதுக்கு என் பங்கைத் தர்றேன். ஆனா வட்டம் தம்பி, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னால ஒண்ணு செய். உன் வட்டத்துல எந்தெந்தச் சாவடிக்கு 17சி நகல் கையில இல்லன்னு எழுதி அனுப்பு. எண்ணிக்கை முகவர் பட்டியலைப் படிவம் 18இல போட்டோவோட மூணு நாளுக்கு முன்னாலயே தேர்தல் அலுவலர்கிட்ட கொடுத்தாகணும். அதுல மலர் பேரும் இருக்கணும்.

மலர்_பூத்கமிட்டி:

போட்டோ இருக்கு. எங்கே கொண்டு வரணும்னு சொல்லுங்க.