போர்ட் டால்பட், மார்கம் பக்கம் பழைய கற்களை நேரில் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். வேல்ஸில், ஸ்வான்சியில் குடியிருக்கிறோம், எனக்கு வேலை கார்டிஃபில். தினமும் எம்4 சாலையில் போர்ட் டால்பட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தச் சாலை ஊருக்கு நடுவே, வீட்டுக் கூரைகளுக்கு மேலே பாலமாகப் போகிறது. ஒரு பக்கம் கடலோரம் முழுக்க இரும்பாலை, இன்னொரு பக்கம் மலை. இரண்டு வருஷம் நான் பார்த்தது இரும்பாலையை மட்டும்தான், அதிலும் இரவில் வானத்தில் தெரியும் அந்தச் செம்மஞ்சள் வெளிச்சத்தை. மலைப்பக்கம் தலையைத் திருப்பியதே இல்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை மார்கம் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். மான் பார்த்துவிட்டு வெளியே வரும்போது மடாலயத் தேவாலயத்தின் பக்கத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம் திறந்திருந்தது. அதுதான் மார்கம் கற்கள் அருங்காட்சியகம். எப்போதும் திறந்திருக்காது, அன்று எங்கள் நல்ல நேரம். உள்ளே வரிசையாக ஆள் உயரக் கற்கள்.

அதில் போட்வோக் கல் என்று ஒன்று இருக்கிறது, 6ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கல். மலை உச்சியில் நின்றிருந்ததை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வெறும் கண்ணால் பார்த்தால் ஏதோ கீறல் மாதிரி இருந்தது. அங்கே இருந்த பெரியம்மா ஒருவர் டார்ச்சை நேராக அடிக்காமல், கல்லை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தார். பள்ளத்தில் நிழல் விழுந்ததும் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. லத்தீன்தான்: போட்வோக் இங்கே கிடக்கிறான், கட்டோடிகிர்னஸின் மகன், எடர்னாலிஸ் வெடோமாவஸின் கொள்ளுப்பேரன். என் பெரிய மகள் விரலை நீட்டி, கல்லைத் தொடாமல், எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள். முடித்ததும் அந்தப் பெரியம்மா மெதுவாகச் சொன்னார்: "இதைப் படித்தவர்கள் சீக்கிரம் செத்துப்போவார்கள் என்று அந்தக் காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் நம்பினார்கள், கரியாத்." கரியாத் என்றால் வெல்ஷ் மொழியில் நம் 'கண்ணு' மாதிரி. மகள் முகம் வெளுத்துவிட்டது. "நான் இதை நூறு தடவை படித்திருக்கிறேன், என்னைப் பார்" என்று சொல்லி அவரே அவளைத் தட்டிக்கொடுத்தார். கேம்டன் என்ற வரலாற்றாளர் 400 வருஷத்துக்கு முன்பே இந்த நம்பிக்கையை எழுதி வைத்திருக்கிறாராம்.

என்னை அதிகம் உலுக்கியது வேறொரு கல். போர்ட் டால்பட்டிலேயே கிடைத்தது. ஒரு பக்கம் ரோமானிய மைல்கல், 4ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆண்ட மாக்சிமினஸ் பேரரசரின் பெயர் வெட்டியது. ரோமானியர் போய்ச் சில தலைமுறைக்குப் பிறகு யாரோ அதே கல்லின் மறுபக்கத்தில் 'இங்கே கிடக்கிறான் கண்டுசஸ், தந்தை பாலினஸ்' என்று வெட்டியிருக்கிறார்கள். பேரரசர் பெயர் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது, ஆனால் கல் நல்ல கல், அப்பாவோ அண்ணனோ செத்தபோது உதவியது. அதன் இரண்டு பக்கத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

போட்வோக் கல் முதலில் நின்ற இடத்தில், மார்கம் மலைமேல், இப்போது நகல் ஒன்று இருக்கிறது. யாராவது ஏறிப் பார்த்திருக்கிறீர்களா?

* * *

அக்கா, அந்த நகலை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் மலைச்சரிவில் கேப்பல் மைர் வரை ஏறியிருக்கிறேன். கூரை போன சின்னக் கோயில், மேரி மாதாவுடையது. கீழே மடாலயத்தில் துறவிகள் மட்டும் வழிபட, ஊர் ஜனங்களுக்கு இது. மடாலயத்தை 1147இல் குளஸ்டர் பிரபு ராபர்ட் கட்டிக்கொடுத்தார், 1536இல் மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடிவிட்டார்கள். அதன் நடுக்கூடம்தான் இன்றும் ஊர்த் தேவாலயம், அதாவது கிட்டத்தட்ட 900 வருஷமாக அங்கே வழிபாடு நடக்கிறது.

நான் போனது 2024 அக்டோபர் முதல் வாரம். சுவரோரம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், 36 வருஷம் ஆலையில் வேலை பார்த்தவர். அங்கிருந்து பார்த்தால் இரும்பாலை முழுசாகக் காலடியில் தெரியும், அதற்கப்பால் கடல். செப்டம்பர் 30ஆம் தேதிதான் இரும்புத் தாதுவை உருக்கும் கடைசி ஊதுலை, 4ஆம் எண், நின்றது. 5ஆம் எண் ஜூலையிலேயே நின்றுவிட்டது. எங்கள் டாடா கம்பெனிதான் முதலாளி என்பதால் நான் இந்தியன் என்று சொல்லவே தயங்கினேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆலையின் ஒரு பெரிய பகுதிக்கு அப்பி வொர்க்ஸ் என்று பெயர், அப்பி என்றால் மடாலயம், இந்தக் கீழே இருக்கிறதே அதன் பெயரைத்தான் 1951இல் வைத்தார்கள் என்று விரலால் காட்டினார். 1960களில் 18,000 பேர் வேலை பார்த்த இடம். "துறவிகள் நானூறு வருஷம் இருந்தார்கள், நாங்கள் நூற்றுச் சொச்சம்" என்றார். அப்புறம், "சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கொண்டுபோன ஃப்ளாஸ்க்கில் டீ இருந்தது, பாதி அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு பேரும் ஆலையைப் பார்த்தபடியே குடித்தோம்.

அதற்குப் பதிலாக, பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் மின்வில் உலை வருகிறது, சரிதான். அந்தப் பழைய ஊதுலையில் ஒரு துண்டையாவது நிறுத்தி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மைல்கல்லைக் காப்பாற்றிய ஊர் இதையும் காப்பாற்றட்டும்.

* * *

கென்ஃபிக்கையும் விட்டுவிடாதீர்கள். மார்கமுக்குத் தெற்கே, பக்கம்தான். கோட்டையும் சந்தையுமாக இருந்த இடைக்கால ஊர், மணல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 15ஆம் நூற்றாண்டுக்குள் ஜனங்களைக் கிளப்பிவிட்டது. இப்போது மணல்மேட்டுக்கு மேலே கோட்டைச் சுவரின் உச்சி மட்டும் முட்செடிக்குள் துருத்திக்கொண்டிருக்கும். நான் முதல் தடவை அதைத் தேடி ஒரு மணி நேரம் சுற்றினேன், கடைசியில் என் கால் இடித்த கல்தான் கோட்டை. அருங்காட்சியகத்தில் இருக்கும், பொம்பேயஸ் என்பவரின் நினைவுக் கல்லும் இந்தப் பக்கத்து ரோமானியச் சாலையோரம் நின்றதுதான். லத்தீனில் ஒரு தரம், விளிம்பில் கோடுகோடாக வெட்டிய ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்தில் ஒரு தரம் என்று பொம்பேயஸின் பெயர் அதில் இரண்டு எழுத்திலும் இருக்கிறது. ஐரிஷ்காரரும் படிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

அக்கா, பிள்ளைகளோடு போவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், பள்ளத்தில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும்.