'என்' (N) ஸ்கேல் ரயில் உங்களைப் பிடித்த தருணம் எது?

டோக்கியோவிலிருந்து:

'என்' ஸ்கேல் மாடல் ரயிலில் அப்படி என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும், "சின்னது, இடம் அடைக்காது" என்றுதான் நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர்தான். ஒன்பதுக்கான ஆங்கிலச் சொல் 'நைன்', அதன் முதல் எழுத்திலிருந்துதான் 'என்' என்ற பெயரே வந்தது. எங்கள் வீட்டில் ஆறு பாய் விரிக்கிற அளவில் ஓர் அறை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தரையில் பாதையைப் பூட்டுவேன், ஒரு மணி நேரம் ஓட்டுவேன், படுக்கை விரிக்கும் முன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுவேன். இப்படிப் பாய் அறையில் ஓட்டுவதற்கு 'ஒசாஷிகி உன்தென்' என்று ஜப்பானியர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பெட்டிகளை வைக்கிற உறைகூடப் புத்தக வடிவில்தான் இருக்கும். அலமாரியில் அகராதிக்குப் பக்கத்தில் ஒரு ரயிலே நிற்கும்.

இடம் மட்டும் காரணமில்லை என்று எனக்குக் காட்டியவர் ஒரு பெரியவர். இங்கே மணிக்கணக்கில் காசு கட்டி, நம் வண்டியைக் கொண்டுபோய் அவர்கள் அமைத்துவைத்த மாதிரிப் பாதையில் ஓட்டிக்கொள்கிற லேஅவுட் கடைகள் உண்டு. நான் மூன்று பெட்டி வண்டியோடு போயிருந்தேன். பக்கத்துப் பாதையில் அவர் இரண்டு உறைகளைத் திறந்து, 1964-இல் வந்த முதல் ஷின்கான்சென் (புல்லட் ரயில்) வகை வண்டியின் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தில் ஏற்றினார். பதினாறு பெட்டிகள். எட்டுச் சக்கரமும் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் லேசாக உருட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த பெட்டியைத் தொடுவார். எல்லாம் கோத்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

அப்புறம் மெதுவாக ஓட்டினார். நான் எதிர்பார்த்ததைவிட ரொம்ப மெதுவாக. என்னைக் கூப்பிட்டு, தலையைப் பலகை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்கச் சொன்னார். "ஃபுல் ஹென்செய்" என்றார். முழு வண்டி என்று அர்த்தம். வண்டி என் கண்ணெதிரே போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நிஜ வண்டி 400 மீட்டர். இந்த ஸ்கேலின்படி 160-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் இரண்டரை மீட்டர். மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தையும் அதே விகிதத்தில் சுருக்கினால் விநாடிக்கு 36 சென்டிமீட்டர். ஆக, வண்டி முழுக்க நம்மைக் கடக்க ஏறத்தாழ 7 விநாடி ஆகும். நடைமேடையில் நின்றால் நிஜ வண்டிக்கும் அதே 7 விநாடிதான்! மூன்று பெட்டி வண்டியைச் சுற்றிச் சுற்றி விரட்டிக்கொண்டிருந்த எனக்கு, ரயில் என்றால் நீளம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த நீளத்தை வீட்டுக்குள் கொண்டுவர இந்த ஸ்கேல்தான் தோது. 87-இல் ஒரு பங்கான எச்ஓ (HO) என்ற பெரிய ஸ்கேலில் அதே வண்டி நான்கரை மீட்டரைத் தாண்டிவிடும்.

உங்களுக்கு எப்படி?

நியூ ஜெர்சியிலிருந்து:

அண்ணா, எனக்கு ஒரு கதவில் ஆரம்பித்தது. இங்கே 'என்' ஸ்கேல்காரர்கள் உள்ளே கூடாக இருக்கிற அறைக் கதவு ஒன்றை வாங்கி, படுக்கப் போட்டு, அதன்மேல் ஊரைக் கட்டுவார்கள். இரண்டு மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம், ஒரே ஆள் தூக்கிவிடலாம். நடுவில் நெடுக ஓர் ஓவியத் தட்டியை நிறுத்தினேன். வண்டி இந்தப் பக்கத்து மலைக்குள் மறைந்து, அந்தப் பக்கம் நகரத்தில் வெளியே வரும். மறைந்திருக்கும் அந்தச் சில நொடிகளில் அது எங்கோ தூரம் போய்விட்டதாகவே மனசு நம்பிவிடுகிறது.

ஒரு தவறும் செய்தேன். நிஜம் போலத் தெரியட்டும் என்று உயரம் குறைந்த தண்டவாளம் வாங்கிப் பதித்தேன், 0.055 அங்குல உயரம். பிறகு பழைய சரக்குப் பெட்டிகள் சிலவற்றைக் குறைந்த விலையில் வாங்கினேன். அவற்றின் சக்கர விளிம்பு பெரியது. 'பீட்சா கட்டர்' என்று பட்டப்பெயரே உண்டு. அந்த விளிம்பு தண்டவாளத்தைப் பிடிக்கிற ஆணிகளில் தட்டித் தட்டி, டக்கடக்கவென்று ஓடியது. இருபத்திரண்டு பெட்டிகளுக்கும் சக்கரம் மாற்றினேன். பழைய பெட்டி வாங்குபவர்கள் முதலில் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள்.

சென்னையிலிருந்து:

தம்பிகளுக்கு வணக்கம். நான் எச்ஓக்காரன். இன்றைக்கும் எச்ஓ எஞ்சினைக் கையில் எடுத்தால் அந்த எடை, கைப்பிடிக் கம்பி, உள்ளே ஸ்பீக்கர் வைத்துக் கேட்கிற சத்தம், இதற்கெல்லாம் ஈடு இல்லை. ஆனால் எங்கள் ஹால் 14 அடி. பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையின் ரயில் பெட்டி ஒன்று 22 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. 24 பெட்டி எக்ஸ்பிரஸை எச்ஓவில் செய்தால் 6 மீட்டர், அதாவது 20 அடி. நேர்கோட்டில் நிறுத்தக்கூட என் வீட்டில் வழியில்லை. 'என்' ஸ்கேலில் 11 அடி! இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நம்ம ஊர்ப் பெட்டிகள் இந்த ஸ்கேலில் எனக்குக் கடையில் கிடைக்கவில்லை. நண்பர் ஒருவர் 3டி பிரிண்டரில் கூடு அடித்துத் தருகிறார், அடிச்சட்டமும் சக்கரமும் வெளிநாட்டுப் பழைய பெட்டிகளிலிருந்து. பழைய செங்காவி நிறத்தில் இதுவரை நான்கு முடிந்திருக்கின்றன. மனசுக்குள் ஒரே உறுத்தல்: நம் பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர், சுருக்கினால் பத்தரை வர வேண்டும். 9 மில்லிமீட்டர் பாதையில் பெட்டி ஒல்லிக்காலில் நிற்கிற மாதிரி இருக்குமோ?

டோக்கியோவிலிருந்து:

ஐயா, ஜப்பானில் அப்படியே தலைகீழ். சாதாரண ரயில்களின் பாதை 1067 மில்லிமீட்டர்தான். அவற்றை 150-இல் ஒரு பங்காகச் செய்கிறார்கள், ஏழு வர வேண்டிய இடத்தில் ஒன்பது. அகலக்கால்! ஷின்கான்செனுக்கு மட்டும்தான் 160-இல் ஒரு பங்கு, அதில் கணக்கு கச்சிதம். நேர் எதிரே குனிந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும், பக்கவாட்டில் நின்றால் தெரியாது. நீள வண்டியைப் பக்கவாட்டில் நின்றுதானே பார்க்கப் போகிறோம்.

நான்கு பெட்டியையும் ஓட்டி ஒரு வீடியோ போடுங்கள் ஐயா. மீதி இருபதுக்குச் சக்கரம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், இங்கே பழைய பெட்டிக் கடைகளில் தேடிப் பார்க்கிறேன்.