குதிரையேற்றம்: முதல் நாளே ஏற்றிவிடலாமா?

கேள்வி: பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகிறேன். முதல் நாளே ஏற்றச் சொல்லிப் பெற்றோர் நச்சரிக்கிறார்கள்.

பதில் 1: ஏற்றுங்கள், ஆனால் லகானைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். நீளக் கயிற்றில் நீங்களே வட்டமாக நடத்துங்கள். ஏற்றுமுன் சேண வாரை மறுபடி இழுத்துப் பாருங்கள். வார் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் கள்ளக் குதிரைகள் உண்டு. நாலடி நடந்ததும் வார் தொளதொளத்துவிடும், சேணம் பிள்ளையோடு சரியும்.

பதில் 2: காலணிக்குக் குதி உயரம் வேண்டும். தட்டையாக இருந்தால் பாதம் அங்கவடிக்குள் (சேணத்தில் தொங்கும் கால்வளையம்) வழுக்கி மாட்டிக்கொள்ளும்; விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். சைக்கிள் ஹெல்மெட்டோடு வந்தால் தாட்சண்யம் பார்க்காமல் திருப்பி அனுப்புங்கள்.

கேட்டவர்: நடத்தும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளலாமா?

பதில் 1: கூடவே கூடாது! மிரண்டால் விரல் போய்விடும். மடித்துப் பிடியுங்கள்.