டேப்பட் சரிசெய்த பிறகு பைக் ஸ்டார்ட் ஆகவில்லை, எங்கே தவறு?

கருப்பு டேங்க்:
வணக்கம். என் 100 சிசி கார்புரேட்டர் பைக் மூன்று நாட்களாக வாசலிலேயே நிற்கிறது. நான் கை வைக்கும் வரை நன்றாக ஓடிய வண்டி. டேப்பட் சத்தம் மட்டும் கொஞ்சம் இருந்தது. அப்பா இருபது வருடம் ஓட்டியது. அதன் வேலைகளை நானே கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில், ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் மூன்று வேலைகளைச் செய்தேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். புது ஸ்பார்க் பிளக் போட்டேன். டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் என்ற கைக்கும் நடுவிலுள்ள சிறு சந்து) கையேட்டில் உள்ளபடி இரண்டு வால்வுகளுக்கும் 0.08 மி.மீ. வைத்தேன்.

அதற்குப் பிறகு எவ்வளவு உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டு முறை சைலன்சரில் 'டப்' என்று வெடித்தது, அவ்வளவுதான். எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. உதவுங்கள்.

நாலாம் கியர்:
மூன்று வேலைகளையும் சேர்த்துச் செய்ததால் எது காரணம் என்று பிரிப்பது கடினம். முதலில் எளியவற்றைப் பாருங்கள். கில் சுவிட்ச், பெட்ரோல் டேப், பிளக் கேப் சரியாக அழுந்தியிருக்கிறதா? பிறகு பிளக்கைக் கழற்றி, முனை நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று சொல்லுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று பொருள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை.

ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கின் உடல் என்ஜின் உலோகத்தில் நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். அந்தத் துளை வழியாகப் பெட்ரோல் ஆவி பீய்ச்சிக்கொண்டு வரும், பொறி பட்டால் தீப்பிடித்துவிடும்.

கருப்பு டேங்க்:
பார்த்துவிட்டேன் அண்ணா. பிளக் நனைந்திருக்கிறது, பெட்ரோல் வாசனை தூக்கலாக இருக்கிறது. ஸ்பார்க் நீல நிறத்தில் பளிச்சென்று விழுகிறது. பழைய பிளக்கையும் போட்டுப் பார்த்தேன், அதே நிலைதான்.

நாலாம் கியர்:
அப்படியானால் பெட்ரோல் அதிகமாகப் பாய்ந்திருக்கலாம். டேப்பை மூடி, சோக்கை விலக்கி, ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகிப் பிடித்துக்கொண்டு பத்து முறை உதையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கார்புரேட்டரை மறுபடி கழற்றி ஃபுளோட் நீடிலை (பெட்ரோலை அளவோடு நிறுத்தும் ஊசி) பார்க்க வேண்டும். டேப்பட்டையும் தவறான 'டி' குறியில் (பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் கோடு) வைத்திருக்க வாய்ப்பு உண்டு.

பட்டறை விளக்கு:
தம்பி, கார்புரேட்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி: கிக்கரை உதைக்கும்போது கால் எப்படி உணர்கிறது? வேலைக்கு முன்பிருந்த கனம் இருக்கிறதா?

கருப்பு டேங்க்:
ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். கனமே இல்லை. முன்பெல்லாம் ஓரிடத்தில் முட்டி நின்று பிறகு இறங்கும். இப்போது கையால் அழுத்தினாலே கீழே போகிறது.

பட்டறை விளக்கு:
அங்கேதான் விஷயம் இருக்கிறது. பெட்ரோல் இருக்கிறது, பொறி இருக்கிறது, அழுத்தம் இல்லை. கலவையை இறுக்கி அமுக்காமல் பொறி மட்டும் கொடுத்தால் என்ஜின் எழும்பாது. பிளக் நனைவதும் அதனால்தான்.

பிளக்கைக் கழற்றி, ஸ்பார்க் விழாதபடி சாவியை அணைத்துவிட்டு, துளையைக் கட்டை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு வேறொருவரை உதைக்கச் சொல்லுங்கள். நல்ல என்ஜின் விரலைத் தள்ளிவிடும். தள்ளவில்லை என்றால் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலைத் துளைக்குள் ஊற்றி மீண்டும் பாருங்கள். அழுத்தம் கூடினால் பிஸ்டன் ரிங் பக்கம் கசிவு. கூடவில்லை என்றால் வால்வு. ஞாயிறு காலை வரை ஓடிய வண்டியில் ரிங் திடீரென்று தேயாது, அதனால் வால்வுதான் என் சந்தேகம். அடுத்து பிளக்கைப் பூட்டிவிட்டு, சைலன்சர் வாயில் கையை வைத்துக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். அமுக்க வேண்டிய கட்டத்திலும் காற்று புஸ்ஸென்று வந்தால் புகையை வெளியேற்றும் எக்சாஸ்ட் வால்வு மூடவில்லை. சைலன்சரில் வெடித்ததும் அதையே காட்டுகிறது. கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வாக இருந்தால் கார்புரேட்டர் பக்கம் துப்பியிருக்கும்.

'டி' குறியைப் பற்றி ஒரு சொல். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்று. அதனால் 'டி' குறி ஒரு சுழற்சிக்குள் இரண்டு முறை நேராக வரும். அதில் கம்ப்ரஷன் (கலவையை அமுக்கும் கட்டம்) முடிவில் வருவதுதான் நமக்கு வேண்டியது. அப்போது இரண்டு ராக்கர்களிலும் மெல்லிய ஆட்டம் இருக்கும். எக்சாஸ்ட் முடிவில் வரும் குறியில் வைத்திருந்தால் பின்னால் இடைவெளி பெரிதாகி டேப்பட் கடகடவென்று அடிக்கும், அழுத்தம் போகாது. ஆகவே உங்கள் தவறு அது இல்லை என்று நினைக்கிறேன்.

லாக் நட்டை இறுக்கும்போது நடுவிலுள்ள, இடைவெளியை வைக்கும் திருகை அசையாமல் பிடித்தீர்களா? இறுக்கிய பிறகு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மறுபடி செருகிப் பார்த்தீர்களா?

கருப்பு டேங்க்:
இறுக்கிய பிறகு பார்க்கவில்லை ஐயா. இன்று மாலையே திறக்கிறேன்.

கருப்பு டேங்க்:
கண்டுபிடித்துவிட்டேன்! விரல் பரிசோதனையில் விரல் அசையவே இல்லை. ஆயில் ஊற்றியும் மாற்றமில்லை. சைலன்சரில் கை வைத்தால் நீங்கள் சொன்னதுபோலவே காற்று வந்தது.

என்ஜின் ஆறிய பிறகு மூடிகளைக் கழற்றி, கம்ப்ரஷன் முடிவில் 'டி' குறியை நேராக வைத்தேன். இன்டேக் ராக்கரை விரலால் பிடித்து ஆட்டினால் மெல்ல டிக் டிக் என்றது, 0.08 தகடு லேசான உரசலோடு போய் வந்தது. எக்சாஸ்ட் ராக்கர் கல்போல அசையவில்லை. அங்கே 0.04 தகடுகூட நுழையவில்லை. லாக் நட்டைத் தளர்த்தித் திருகை ஒரு கால் சுற்று பின்னால் எடுத்ததும் வால்வு மூடிக்கொண்டு ராக்கரில் ஆட்டம் வந்தது. ஞாயிறு அன்று நட்டோடு சேர்ந்து திருகும் சுற்றியிருக்கிறது. இம்முறை திருகின் சதுரத் தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினேன். இறுக்கிய பிறகும் தகட்டைச் செருகினேன். இரண்டாம் முயற்சியில்தான் அளவு நின்றது.

பெட்ரோலைத் திறக்காமல் சில முறை உதைத்துச் சிலிண்டரைக் காயவிட்டு, துடைத்த பிளக்கைப் பூட்டினேன். கிக்கர் பழையபடி முட்டி நின்றது. அந்தக் கனத்தைக் காலில் உணர்ந்தபோது எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. மூன்றாவது உதையில் என்ஜின் எழும்பியது. வால்வு கெட்டிருக்குமா ஐயா?

பட்டறை விளக்கு:
கெட்டிருக்காது. மூடாத எக்சாஸ்ட் வால்வோடு வண்டி ஓடினால்தான் சூட்டில் விளிம்பு கருகும். உங்கள் வண்டி ஓடவே இல்லையே. ஆனால் மூன்று நாள் உதைத்ததில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே ஆயிலோடு கலந்திருக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் மணம் அடித்தால் என்ஜினை ஓட விடாமல் ஆயிலை மாற்றிவிடுங்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

கருப்பு டேங்க்:
மணம் அடிக்கிறது ஐயா, அளவும் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டேன். வடிகால் போல்ட்டைக் கழற்றி அடியில் தட்டு வைத்திருக்கிறேன், சொட்டிக்கொண்டிருக்கிறது.