தொல்லியல் பயிற்சிக்கு எங்கே சேரலாம்?

வணக்கம் நண்பர்களே. எனக்கு ஊர் கானாடுகாத்தான், எம்.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன், தொல்லியலையே வேலையாகச் செய்ய ஆசை. அகழாய்வு மட்டும் இல்லை, பழைய கட்டடங்களை அளந்து, வரைந்து, பதிவு செய்து காப்பாற்றும் பணியும்தான். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் ஏறிவிட்டன, ஆனால் இங்கே ஒரு வீட்டைப் பிரித்தால் பர்மா தேக்குத் தூண்களும் நிலைக்கதவும் நேரே பழைய சாமான் கடைக்குப் போகின்றன, எந்தத் தூண் வளவில் (வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) எந்தப் பக்கம் நின்றது என்பதற்கு ஒரு வரைபடம்கூட இருப்பதில்லை. பார்த்தால் வயிறு எரிகிறது.

சென்னையில் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் முதுநிலைப் பட்டயம், கிரேட்டர் நொய்டாவில் இந்தியத் தொல்லியல் துறையின் 2 ஆண்டுப் படிப்பு, இரண்டும் தெரியும். அங்கே படித்தவர்கள் சொல்லுங்கள்: டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியை வைத்து அளப்பது, குழிச் சுவரில் தெரியும் மண்ணடுக்கை வரைவது, உடைந்த பானை விளிம்பை வைத்து வாயின் விட்டத்தைக் கணிப்பது, இதையெல்லாம் நம் கையாலேயே செய்ய விடுகிறார்களா? நுழைவுத் தேர்வுக்கு என்ன படிக்கலாம்?

அப்புறம், கீழடி எங்கள் மாவட்டம்தான். ஒரு பருவமாவது அங்கே பயிற்சிக்கு நிற்க வேண்டுமென்றால் யாரை அணுகுவது? சம்பளம் இல்லாவிட்டாலும் சரி, வந்துவிடுவேன்.