புதுப்பிப்பு: வாசல் மரத்தின் கிளையும் அம்மாவின் நினைவுப் புங்கையும்

சென்னையில் எங்கள் வாசலை ஒட்டித் தெருவோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் சாய்ந்த கிளையை நாங்களே வெட்டலாமா, மறைந்த அம்மாவின் நினைவாக அதே தெருவில் ஒரு மரம் நடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

நாங்களே வெட்டக்கூடாது என்பதால் மாநகராட்சியில் விண்ணப்பித்தோம். வந்தவர்கள் முதலில் கிளையின் அடிப்புறத்தில் சிறிது அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கி, கடைசியாக, கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்தைத் தொடாமல் மிச்சத்தை நீக்கினார்கள். இப்படிச் செய்தால் பட்டை உரியாது. அந்த வளையத்திலிருந்து வளரும் திசுதான் காயத்தை மூடும். ஒரு பக்கத்தை மட்டும் மொட்டையடித்தால் மரத்தின் சமநிலை கெடும் என்பதையும் அவர்களிடம் எடுத்துச் சொன்னேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் வேரோடு சாய்ந்த மரங்களைப் பார்த்தவள் நான்; அடிமரம் வரை சிமெண்ட் பூசுவதை இன்னும் நாம் நிறுத்தவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

நினைவு மரத்திற்கும் அனுமதி கிடைத்தது. மின்கம்பி இல்லாத பக்கத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே புங்கை நட்டோம். சுற்றிலும் மண்ணைத் திறந்தே விட்டிருக்கிறோம். அம்மாவின் பெயர்ப்பலகையை மரத்தில் ஆணியடிக்காமல் கூண்டுக் கம்பியில் கட்டியிருக்கிறோம். நேற்று செம்பு நிறத்தில் இரண்டு தளிர்கள் விட்டிருந்தன.